சுத்த மொழியில் ஒரு சாட்சி

கிரேக்க நாட்டுத் துறைமுக நகரமான பிரேயஸின் இராணுவ நீதிமன்றத்துப் பெஞ்சில் அசிமினாவால் உட்காரவே முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், கைக்குட்டையைப் பிழிந்தாள். உள்ளே கூண்டில் அவளுடைய ஒரே மகன் லாம்ப்ரோஸ். பத்தொன்பது வயது. பையன் என்ன கொலையா செய்தான்? நாட்டைப் பிடித்து உட்கார்ந்திருந்த இராணுவத்தைத் திட்டி, சந்தையில் பேசுகிற பேச்சிலேயே துண்டறிக்கை அச்சடித்தான். அந்த அதிகாரிகளுக்கோ அரசாங்கம், பள்ளிக்கூடம், கோர்ட்டு எல்லாவற்றிலும் யாரும் வீட்டில் பேசாத பழைய சுத்தக் கிரேக்க மொழிதான் இருக்க வேண்டும். வீட்டுப் பேச்சில் அரசியல் எழுதினவன் கம்யூனிஸ்ட், தீர்ந்தது கதை.

வக்கீல் ஒரு வாரமாக அவளுக்குச் சுத்த மொழியில் சாட்சியை உருப்போட வைத்திருந்தார். மீன் அலசும்போதும் அதையே முணுமுணுத்தாள். பாதிக்கு அர்த்தம் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது, பிள்ளை வீடு வந்து சேர்ந்தால் போதாதா?

கூப்பிட்டார்கள். வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"மாண்புமிகு நீதிபதி அவர்களே, என் புதல்வன் தாய்நாட்டின் மீதும் திருச்சபையின் மீதும் குன்றாப் பற்றுடையவன்."

நீதிபதியின் முகம் மலர்ந்துவிட்டது. இப்படிப் பேசுகிற தாய்க்குத் தறுதலை பிறக்குமா, ஏதோ வாலிபக் கோளாறு என்றார். அவனும் இதே மொழியில் மன்னிப்புக் கேட்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

லாம்ப்ரோஸ் அம்மாவைப் பார்த்தான். இப்படி இளைத்துவிட்டாளே என்று நினைத்தான் போலிருக்கிறது. அவளுக்காகவே வாயைத் திறந்தான்.

"மாண்புமிகு நீதிமன்றமே, அறியாமையால் பிழை புரிந்த சிறியேன்..."

அசிமினாவுக்கு அது மகன் குரலாகவே கேட்கவில்லை. வீட்டு வாசலில் நின்று கைது உத்தரவை வாசித்தானே ஓர் அதிகாரி, அதே குரல். வாரம் முழுக்க அவள் வேண்டிக்கொண்டது இதைத்தான். இருந்தும் தாங்க முடியவில்லை.

"போதும்டா கண்ணு. எனக்காகச் சொல்லாத," என்றாள். "நான் பேசுனதும் வக்கீலய்யா சொல்லிக்குடுத்ததுதான். ஒரு எழவும் எனக்குப் புரியல."

நீதிபதியின் முகம் சுருங்கியது. நாலு வருஷம், தீவுச் சிறை என்றார். உங்கள் வாயாலேயே பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டீர்களே என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னதில் என்ன தப்பு? தள்ளித்தான் விட்டாள்.

காவலர்கள் இழுத்துப்போகையில் லாம்ப்ரோஸ் திரும்பினான்.

"அம்மா, தீவுல காத்து பிச்சு எடுக்குமாம். ஒரு கம்பளிச் சட்டை பின்னி அனுப்பும்மா."

"அனுப்புறேன்டா," என்றாள். கதவைச் சாத்திவிட்டார்கள். வளர்கிற பிள்ளை, நாலு வருஷத்தில் தோள் எவ்வளவு அகலமாகும், எந்த அளவுக்குப் பின்னுவது? அதை யாரிடம் கேட்பதென்று தெரியாமல் அவள் உரக்க அழத் தொடங்கினாள்.