செயின் கவர்

"அடி. பயப்படாம ஓங்கி அடி."

ஜெகதா சுத்தியலால் திருப்புளியின் தலையில் ஒரு போடு போட்டாள். இஞ்சின் மூடியில் கடைசியாக மிச்சமிருந்த திருகாணி இம்மியும் அசையவில்லை. மற்றவையெல்லாம் டீசலில் ஊறி நேற்றே கழன்றுவிட்டன. இது ஒன்று மட்டும் துருவோடு துருவாக ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கியது.

"அடிச்சுக்கிட்டேதான் இருக்கேன். உங்களுக்கென்ன, உக்காந்துகிட்டு வேல வாங்குறீங்க."

"நேராப் பிடி. அடிச்ச வேகத்தோட இடப்பக்கம் திருப்பு."

"உத்தரவு, மேஸ்திரி."

எதிரே குட்டை நாற்காலியில் கணவன் நாகப்பன் வலது கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். இடது கை மடியில், துண்டுக்குள். தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் அந்தக் கையின் நான்கு விரல்களை எடுத்துக்கொண்டு, கட்டைவிரலையும் உள்ளங்கையையும் மட்டும் விட்டுவைத்திருந்தது. ஜெகதாவுக்கு அந்தத் துண்டைக் கண்டாலே எரிச்சல். எத்தனை தடவை உருவிப் போட்டாலும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

திருகாணி 'கிரீச்' என்றது. இன்னொரு அடி, இன்னொரு திருப்பு. கழன்றது.

"வந்துருச்சுங்க!" என்று ஜெகதா கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மலேசியாவில், சுங்கை பட்டாணித் தாமான் ஒன்றில் அவர்கள் இருந்த மலிவு விலை வீட்டுக்குப் பின்னால், அடுப்படிச் சுவரை ஒட்டித் தகரம் இறக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் துணி துவைக்கும் மெஷின், இன்னொரு பக்கம் கேஸ் தோம்பு, நடுவே இரண்டு பலகைகள் மேல் அந்தக் கப்சாய் மோட்டார்சைக்கிள். நாகப்பனின் அப்பா ஓட்டிய ஹொண்டா சி70. அவர் போனபிறகு கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்து, சீட்டில் கோழி முட்டையிட்டு, டேங்கில் எறும்பு குடியேறிவிட்டது. அதைத்தான் இப்போது உயிர்ப்பிக்க வேண்டும். அதுவும் தைப்பூசத்துக்குள்.

சாப்பாட்டுக் கடை நடத்தும் மலாய் அக்கா, கக் ரொஹானி, அப்படித்தான் சொல்லியிருந்தாள். மதியச் சோற்றுப் பொட்டலங்களைத் தொழிற்பேட்டைக்குக் கொண்டுபோகிறவன் தைப்பூசத்தோடு நின்றுவிடுகிறான். சொந்த மோட்டார் வைத்திருக்கிற ஆள் வேண்டும்.

"வேற ரெண்டு பேர் கேக்குறானுங்க நாகப்பா. உனக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன். ஆனா நீ வேல பாத்த அந்தத் தொழிற்சாலைக்கும் போகணும். போவியா?"

"போவேன் கக். சோறுதான? எங்க வேணா கொண்டுபோவேன்."

கப்சாய்க்கு இடது கையில் கிளட்ச் கிடையாது. கியர் காலில். ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும் வலது கையில். சிக்னல்கூட வலது பக்கம்தான். நாகப்பனின் உள்ளங்கை இடது பிடியை அழுத்திக்கொண்டால் போதும். ஓட்டலாம் என்று அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரும் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் எழுதிக் கொடுத்தார். மாதக் கணக்கில் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அந்தக் காகிதத்தோடு நேரே கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெகதாவின் தம்பி தினகரன் வந்தான். டயர் கடையில் வேலை பார்ப்பவன், வாய் கொஞ்சம் நீளம். கார்புரேட்டரை அக்கா சமையல் சட்டியில் போட்டுக் கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, சூப்பா?"

"ஆமா, உனக்குத்தான். உக்காரு, ஊத்துறேன்."

பழைய பெட்ரோல் பிசினாக உறைந்து துளையை அடைத்திருந்தது. ஜெகதா கொண்டை ஊசியை விட்டுப் பார்த்தாள், நுழையவில்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பியிலிருந்து ஓர் இழையை உருவி மெல்லச் செலுத்தினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது கடுகளவு வானம் தெரிந்தது.

தினகரன் பின்சக்கரத்துக்குப் புது டயர் மாட்டிக் கொடுத்தான். செயினையும் போட்டான். "அவ்வளவுதான் மச்சான். பெட்ரோல ஊத்துங்க, போயிட்டே இருக்கலாம்."

"செயின் கவர் எங்க?"

"அது மக்கிப் போச்சு. எடுத்ததும் கையோட உதிர்ந்திருச்சு. இப்ப எவன்லா செயின் கவர் போடுறான்? நம்ம தாமான்ல ஒரு மோட்டார்ல காட்டுங்க பாப்போம்."

"எனக்குக் கவர் வேணும்."

"தைப்பூசம் வந்துருச்சு மச்சான்! மொதல்ல ஓட்டுங்க, அப்புறம் நிதானமாத் தேடலாம். கவர் இல்லாட்டி ஓடாதா?"

"ஓடும்," என்றான் நாகப்பன். "கவர் இல்லாட்டியும் ஓடும். அதான் பிரச்சினையே."

தினகரனுக்குப் புரியவில்லை. ஜெகதாவுக்குப் புரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு வெறுமனே சட்டியைத் தேய்த்தாள்.

பிரஸ் மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. அது இறங்கினால்தான் மெஷின் ஓட வேண்டும். தகட்டுக்குத் தகடு இறங்கி ஏறினால் அன்றைய உருப்படி சேராது என்று சூப்பர்வைசர் மணிமாறன் அதை மேலே தூக்கி, சிவப்பு ராஃபியா கயிற்றால் கட்டச் சொன்னான். தடுப்பு இறங்கியிருப்பதாகக் காட்டும் சுவிட்சையும் ஒட்டு நாடாவால் அமுக்கி வைத்தார்கள். அதிகாரிகள் பார்வையிட வந்தால் ஒரு சுண்டில் அவிழ்கிற முடிச்சு. அவர்கள் போனதும் திரும்பக் கட்டு. நாகப்பனே எத்தனையோ தடவை அவிழ்த்துக் கட்டியிருக்கிறான். விரல் போனதற்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிவு செய்தார்கள். விசாரிக்க வந்தவர்கள் பார்த்தபோது தடுப்பு கீழே இறங்கித்தான் இருந்தது.

மறுநாள் முதல் நாகப்பன் செயின் கவர் தேடிக் கிளம்பினான். பஸ்ஸில் போனான், வெயிலில் நடந்தான். புதிய கடைகளில் சிரித்தார்கள். பழைய இரும்புக் கடை ஆ ஹொக் மட்டும், "உள்ள போய் நீயே தேடு. பாம்பு இருந்தா என்னைக் கூப்பிடாத," என்றான். மூன்றாவது தடவை போனபோது, ஒரு நசுங்கிய ஃப்ரிட்ஜுக்கு அடியில் கிடைத்தது. மேல் பாதி ஒழுங்காக இருந்தது. கீழ்ப் பாதி சப்பட்டை.

அதை அவன் இடுக்கிக்கொண்டு வந்த விதத்தைப் பார்த்து ஜெகதாவுக்குச் சிரிப்பு வந்தது. இடது கையில் துண்டைக் காணோம்.

மணல் மூட்டையின் மேல் தகட்டைப் போட்டு அவள் தட்ட, அவன் வலது கையால் திருப்பித் திருப்பிக் கொடுத்தான். கிண்ணம் கவிழ்த்தது போலக் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. துரு தேய்த்து, நீலம் அடித்து, காயவைத்து, பொருத்தினார்கள். ஒரு விரல் நுழைய இடமில்லாமல் செயின் உள்ளே மறைந்தது. நாகப்பன் குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான், நிறுத்தினான், மறுபடி சுற்றினான்.

"ஹார்ன் இடப்பக்கம் இருக்குங்களே. தம்பிய விட்டு மாத்தச் சொல்லவா?" என்றாள் ஜெகதா.

"வேணாம். இந்தக் கட்டைவிரல் சும்மாதான கிடக்குது? அதுக்கும் ஒரு வேல இருக்கட்டும்."

தைப்பூசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நாகப்பன் கிக்கரை உதைத்தான். உதைத்தான், உதைத்தான், வியர்வை ஊற்றியது. ஜெகதா ப்ளக்கைக் கழற்றி அடுப்பில் காட்டிச் சூடாக்கி மாட்டினாள். அடுத்த உதையில் வண்டி இருமியது. அதற்கடுத்த உதையில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு 'தட தட தட' என்று பிடித்துக்கொண்டது. துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் நாறியது. ஜெகதா தாவணி வயதுப் பெண்ணைப் போலக் கை தட்டினாள். நாகப்பன் ஹார்னை அழுத்தினான். ஆட்டுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

தைப்பூசம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே பெட்டி நிறையப் பொட்டலம். கக் ரொஹானி வண்டியைச் சுற்றிவந்து, "அழகா இருக்கே! பாத்துப் போ," என்று அனுப்பினாள். மற்ற இடங்களையெல்லாம் முடித்துவிட்டுத் தன் பழைய தொழிற்சாலைக்குக் கடைசியாகப் போனான். வாசல் காவலாளிக்கு அவனைத் தெரியும். அவன் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து, "பின்பக்கம் கொண்டுபோய்க் குடுத்துருங்கண்ணே," என்று கதவைத் திறந்துவிட்டான்.

பின்பக்கம் வெக்கைக்காக ஷட்டரைத் தூக்கிவிட்டிருந்தார்கள். நாகப்பன் வண்டியை நிறுத்தினான், இஞ்சினை அணைக்கவில்லை. உள்ளே அவனுடைய பிரஸ். முன்னால் புதிதாக வந்த நேப்பாளத்து ஆள் ஒருவன். தடுப்பு மேலே தூக்கியிருந்தது. சாயம் வெளுத்த சிவப்பு ராஃபியா கயிறு, ஒரு சுண்டில் அவிழ்கிற அதே முடிச்சு. அந்த ஆள் இடது கையால் தகட்டை உள்ளே தள்ளினான், இழுத்தான், தள்ளினான்.

நாகப்பன் கட்டைவிரலை ஹார்னில் வைத்து அழுத்தினான். எடுக்கவில்லை.

நேப்பாளத்து ஆள் திடுக்கிட்டுக் கையை வெளியே இழுத்துக்கொண்டு திரும்பினான். மெஷின்கள் ஒன்றொன்றாக நின்றன. மணிமாறன் ஓடிவந்தான்.

"யோவ் நாகப்பா! விடுய்யா ஹார்ன! என்னா பைத்தியமா?"

"தடுப்ப இறக்கச் சொல்லு."

"சோத்தக் குடுத்துட்டுப் போ. உனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இறக்கச் சொல்லு மணி."

"இந்தா பாரு, கக்குக்கு ஒரு போன் போட்டேன்னா நாளைக்கு இந்த வேலையும் உனக்குக் கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும். இறக்கு."

மணிமாறன் சுவரிலிருந்த பொத்தானைக் குத்தினான். ஷட்டர் மடமடவென்று இறங்கியது. முதலில் சிவப்புக் கயிறு மறைந்தது, பிறகு அந்த ஆளின் முகம், கடைசியாக அவன் இடது கை. ஷட்டர் தரையைத் தொட்டது. உள்ளே பிரஸ் மறுபடியும் 'தொம்' என்று விழுந்தது.

நாகப்பன் கட்டைவிரலை எடுக்கவில்லை.