ஒட்டவே இல்லையாம்

அக்காவிடம் ஒரு சேதியைக் கொடுத்தால் பாதிதான் நம் கைக்கு வந்து சேரும். அன்றைக்கு அந்தப் பாதியும் உருப்படியாக வரவில்லை.

"பிளாஸ்திரி கம்பெனி ஃபோர்மேன் பேசினாருடி. ஒட்டவே இல்லையாம்" என்று சொல்லிவிட்டு, கத்திகளை எண்ணெய்த்தாளில் சுற்றுகிற வேலையை அவள் பாட்டுக்குத் தொடர்ந்தாள்.

"எது ஒட்டலையாம், அக்கா?"

"அதான், ஒட்டலையாம்."

தங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பட்டறையில் அவளுக்குப் பூச்சுக்காரி என்று பேர். முன்னறையில் அக்கா புருஷன், அதாவது அத்தான், ஆலைக் கத்திகளுக்குச் சாணை பிடிப்பார். பின்னறையில் இவள் அந்தக் கத்திகளுக்குக் கறுப்புப் பூச்சைத் தெளித்து, அடுப்பில் சூடேற்றி இறுக வைப்பாள். பிளாஸ்திரியை நறுக்கும்போது அதன் பசை கத்தியில் அப்பிக்கொண்டு ஓரமெல்லாம் நூல் நூலாக இழுபடும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பூச்சு. பசை கத்தியில் ஒட்டவில்லை என்றால் இவள் ஜெயித்தாள். பூச்சே கத்தியில் ஒட்டவில்லை என்றால் தொலைந்தாள். இரண்டுக்கும் பாழாய்ப்போன இந்த ஒரே சொல்தானா கிடைத்தது!

விஷயம் சும்மா இல்லை. அத்தான் புதுச் சாணை மிஷின் ஒன்றை வரவழைத்துவிட்டார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அது வாசலிலேயே நின்றது. உள்ளே வைக்கப் பின்னறையை விட்டால் வேறு இடம் கிடையாது. பிளாஸ்திரி கம்பெனிக்குச் சோதனைக்காக இவள் பூசி அனுப்பியிருக்கிற ஒரு கத்தி தேறினால் அறை இவளுக்கு. தேறாவிட்டால் அன்றைக்கே அடுப்பு வெளியே, மிஷின் உள்ளே. பேச்சு அப்படி.

"சிரிச்சுக்கிட்டே சொன்னாராக்கா, கோவமாச் சொன்னாரா?"

அக்கா யோசித்தாள். "சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு. கத்துன மாதிரியும் இருந்துச்சு. இங்க இவரு சாணை போடுற சத்தத்துல என்னத்தடி கேக்குது?"

அத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். "இதுல என்ன குழப்பம்? நல்லா இருந்தா எவன் மெனக்கெட்டு போன் பண்றான்? குறை இருந்தாத்தான் பண்ணுவான். பூச்சு உரிஞ்சு போச்சு, அவ்வளவுதான்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இவளே ஃபோர்மேனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, எதுண்ணே ஒட்டல?"

"ஒண்ணுமே ஒட்டலம்மா!" என்று மிஷின் இரைச்சலுக்கு மேலே ஒரு கத்தல். அதோடு லைன் போய்விட்டது.

ஒண்ணுமே என்றால் பசை ஒரு துளிகூட இல்லையா, பூச்சு ஒரு துளிகூட இல்லையா? கேட்காமலே இருந்திருக்கலாம். இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போயிற்று.

"நான் நேர்ல பாத்துட்டு வந்துடுறேன் அத்தான். அதுவரைக்கும் மிஷினை உள்ள ஏத்தாதீங்க."

"சாயங்காலம் வரைக்கும்தான். அதுக்கு மேல என்னால ஆளுங்களை நிறுத்தி வைக்க முடியாது."

பஸ்ஸில் போகும்போது ஒரு நிறுத்தத்துக்கு ஜெயித்தாள், அடுத்த நிறுத்தத்துக்குத் தோற்றாள். மண்டை காய்ந்துபோய்த்தான் இறங்கினாள்.

பிளாஸ்திரி கம்பெனியில் தலைமுடிக்கு உறை மாட்டிவிட்டு உள்ளே விட்டார்கள். பிளாஸ்திரிச் சுருள் மாற்றுவதற்காக மிஷினை நிறுத்தியிருந்தார்கள். ஃபோர்மேன், நல்ல வாட்டசாட்டமான மனுஷர், வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

"வாம்மா, வா! பாரு, காலையிலேர்ந்து ஓடுது. பசை ஒரு பொட்டு இருக்கா பாரு!"

இல்லை. தட்டு போன்ற அந்த வட்டக் கத்தியில் பசை பேருக்குக்கூட இல்லை. நறுக்கிய பிளாஸ்திரிகளின் ஓரம் அத்தனை சுத்தம். அப்பாடா! இவளுக்கு அங்கேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது. பூச்சைத் தடவிப் பார்க்கிற சாக்கில் கத்திமேல் கையை வைத்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

கூர்முனையை ஒட்டி நகத்தகலத்துக்குக் கறுப்பைக் காணோம். வெறும் எஃகு பளபளத்தது. அத்தான் அந்த முனையை முகம் பார்க்கிற அளவுக்கு இழைத்து வைத்திருந்தார். அந்த வழவழப்பில் பூச்சுக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. ஓரம் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்திருந்தது.

அப்படியானால் தான் ஜெயித்தாளா, தோற்றாளா? சந்தோஷம் இன்னும் முகத்தைவிட்டு இறங்கவில்லை, அதற்குள் பயம் ஏறிவிட்டது.

"இதே மாதிரி எங்க எல்லாக் கத்திக்கும் போட்டுக் குடுத்துடும்மா" என்றார் ஃபோர்மேன்.

வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் போதும். அறை பிழைத்துவிடும். ஆனால் பெயர்ந்த பொருக்கு எங்கே போயிருக்கும்? பிளாஸ்திரிக்குள்தான். பிளாஸ்திரி எங்கே போகும்? யாருடைய புண்ணிலோ.

"அண்ணே... ஒட்டலண்ணே" என்றாள்.

"அதத்தானேம்மா நானும் காலையிலேர்ந்து கத்துறேன்!" ஃபோர்மேன் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

உண்மையைச் சொல்லியாயிற்று. அவருக்குப் புரியாதது அவர் பாடு. இப்படியே கிளம்பிவிட்டால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? கிளம்பலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள், பொய் சொல்வானேன். பிறகு தட்டிலிருந்து ஒரு பிளாஸ்திரித் துண்டை எடுத்து, கத்தியின் ஓரத்தில் அழுத்தி இழுத்தாள். பசையில் கறுப்புப் பொருக்குகள் வரிசையாக ஏறி வந்தன. அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதைச் சொன்னேண்ணே. என் பூச்சு கத்தியில ஒட்டல."

ஃபோர்மேன் சிரிப்பை நிறுத்தினார். அடுக்கியிருந்த பிளாஸ்திரிகளைப் பார்த்தார். "இது அத்தனையிலயும் இருக்குமா?"

"தெரியலண்ணே. இருக்கும்."

"காலையிலேர்ந்து வந்த எல்லாத்தையும் தனியா வைங்கப்பா!" என்று அவர் ஆட்களைப் பார்த்துக் கத்தினார். கத்தியைக் கழற்றி இவள் கையில் கொடுத்தார்.

வெளியே வந்து நின்றதும் அக்காவிடமிருந்து போன்.

"ஏண்டி, மிஷின் ஏத்துறதுக்கு ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க. அத்தான் கேக்குறாரு. ஒட்டுச்சா, ஒட்டலையா?"

இதை எங்கே ஆரம்பித்து எப்படிச் சொல்வது?

"உள்ள ஏத்தச் சொல்லுக்கா."

அக்கா "சரிடி" என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள், "அப்ப நாளைக்கு நீ வந்து எங்கடி நிப்ப?"

இவள் போனைக் காதில் வைத்தபடியே அழுதாள்.