கம்பம்மெட்டில் மயிலாத்தாளைப் படித்த கதை

1

என் இரண்டு கண் மேலும், பல்லெல்லாம் போன பிறகும் மிஞ்சியிருக்கும் நாக்கின் மேலும் ஆணை: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கொங்குப் பேச்சில் எழுதிய பழைய நாவலை மற்ற ஊர்க்காரர்கள் படித்து என்ன ஆகப்போகிறது என்று ஒருவர் கேட்டார். பதிலாகக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். கட்டுரைக்குள் குப்பண்ணன் வந்து நின்றுகொண்டார்.

'மலையில் மஞ்சு இறங்கிய ஒரு காலைப் பொழுதில்...' வேண்டாம். மஞ்சு அங்கே தினமும் இறங்குகிறது. நான் எழுதித்தான் இறங்க வேண்டும் என்றில்லை.

2

எழுபத்து நான்காம் வருஷம். கொங்கை ஒட்டிய சித்தூர்ப் பக்கத்துக் குப்பண்ணனுக்கு, கேரள எல்லை மலையான கம்பம்மெட்டில் யாக்கோபு முதலாளியின் ஏலக்காய் ஸ்டோரில் ஒரு வேலை: காய் தரம் பிரிக்கும் பெண்கள் வம்பு பேசாமல் இருக்க, நாவல் படித்துக் காட்டுவது. கையில், மயிலாத்தாள் என்ற மருமகளின் கதையைச் சொல்லும், அட்டை போன கொங்கு நாவல். முதல் நாளே அழகுத்தாய் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏண்ணே, இது தமிழா? மாடு அசை போடுற மாதிரியில்ல இழுக்குது!"

"பொறுத்துக் கேளுங்க அம்மிணி. மயிலாத்தாளோட மாமியாகாரி வாயத் தொறக்கட்டும்."

மாமியார் திறந்தாள்: "ஏனுங்க மகாராணி, உங்கப்பனூட்டுல பருப்புக்கு உப்புப் போடற வழக்கமே இல்லீங்களா?"

மரியாதை குறையாமல் இப்படியும் வைய முடியுமா என்று பெண்கள் சொக்கிப்போனார்கள். ராமுத்தாய் அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் புருஷனை 'ங்க' போட்டு வைதாள். அவன் மிரண்டுபோய்த் தானே விறகு பிளந்தான். (நம்பாதவர்கள் இந்த அடைப்புக்குறியை மட்டும் படித்துவிட்டு மேலே போகலாம்.)

நாவலில் சண்டை வந்தால் கைகள் பறந்தன. காதல் வந்தால் காய் தேங்கியது. காதல் அத்தியாயங்களைத் தாண்டிப் போகும்படி யாக்கோபு உத்தரவிட்டார்.

3

கடைசி அத்தியாயத்தில்தான் வந்தது வினை. கோபித்துக்கொண்டு அப்பன் வீடு போன மயிலாத்தாள், திரும்பி வந்து மாமியார் வீட்டு வாசலில் நிற்கிறாள்.

"அவ மட்டும் மன்னிப்புக் கேட்டான்னா நாளைக்கு ஒருத்தியும் வேலைக்கு வரமாட்டோம்ணே," என்றாள் அழகுத்தாய்.

யாக்கோபு, வீட்டில் தாய்க்கும் தாரத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லாத மனிதர், கதவருகிலிருந்து மலையாளத்தில் சொன்னார்: "மருமகள் மாப்பு பறயணும், குப்பண்ணா. இல்லெங்கில் நாளெ சித்தூருக்கு பஸ் கேறிக்கோ."

"புஸ்தகத்துல என்ன இருக்குதோ அதத்தானுங்க நான் படிக்க முடியும்," என்று குப்பண்ணன் பக்கத்தைப் புரட்டினார். அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்தது.

4

அவள் மன்னிப்புக் கேட்டால் ஸ்டோர் காலி. கேட்காவிட்டால் குப்பண்ணன் காலி. இருவரும் கட்டிப்பிடித்து அழுவதாகவும் எழுதிப் பார்த்தேன். மாமியார், மருமகள் இருவருமே என்னைக் கேவலமாகப் பார்த்தார்கள். எழுதியதை அடித்துவிட்டேன்.

'குப்பண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மயிலாத்தா வாசப்படியில ஒரு கால எடுத்து வெச்சு..." என்று'

இந்த வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அந்த நாவல் படிக்கத் தக்கதா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் விமர்சனம் இவ்வளவுதான்: அப்போது அங்கே ஒரு முறமும் அசையவில்லை, யாக்கோபுவும் வேலையைப் பார்க்கச் சொல்லவில்லை.

குப்பண்ணனுக்கு எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது.