பச்சையம்மாளுக்கு நடை சாத்தும் நேரம்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கூழ் விற்றுக்கொண்டிருந்த பச்சையம்மாள், 2007ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் கண் இமைப்பதை நிறுத்திவிட்டாள். அதே வாரத்தில் கேழ்வரகு விலையும் ஏறியது. ஊர் முதலில் பேசியது கேழ்வரகைப் பற்றித்தான். அவள் கணவன் கருப்பன் ஆட்டோ ஓட்டுகிறவன், பகலில் வீட்டில் இருப்பதில்லை. அதனால் அவனுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. "பொண்டாட்டி ராத்திரி பூரா கண்ணத் தொறந்துகினே படுத்திருந்தா மனுஷன் எப்டிங்க தூங்கறது" என்று ஆட்டோ ஸ்டாண்டில் முறையிட்டான். நீ என்ன தப்பு பண்ணே, அதச் சொல்லு மொதல்ல என்று ஸ்டாண்டு அவனைக் கேட்டது.

தப்பு பண்ணியது அவனல்ல, தேவிப்ரியா. அவள் கீழ்பென்னாத்தூர்ப் பெண். தினமும் காலை பஸ்ஸில் திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் சாலையில் இளஞ்செழியன் வைத்திருந்த டிசைன், பிரவுசிங், ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன் உட்காருவாள். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் பேனர், சாவுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் வேலை. வேலை இல்லாத நேரத்தில் முகம் வரைவாள். போட்டோவை வைத்து ஒட்டி வெட்டுவதில்லை. வெள்ளைத் திரையில் மவுஸை உருட்டி, தோல் ஒரு லேயர், நிழல் ஒரு லேயர், முடி ஒரு லேயர் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பொறுமையாக வரைவாள். யாருடைய முகத்துக்கு யாரும் பேனர் வைக்க மாட்டார்களோ அவர்களைத்தான் வரைவாள். கோபுர வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவர், பஸ் ஸ்டாண்டில் வேலூர் வேலூர் என்று கூவுகிறவர். முடித்ததும் படம் வரைகிறவர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் போடுவாள். நாலு பேர் சூப்பர் என்று எழுதுவார்கள். சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன் கோயிலுக்குப் போய், அன்று வரைந்தவர் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வாள். தன் பெயரை அவள் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த ஆடியில் அவள் பேனர் ஒன்றைக் கொடுக்க அடி அண்ணாமலைக்குப் போனாள். வெயிலில் நடந்து போனவளைக் கூழ்ப் பானைக்குப் பின்னாலிருந்து பச்சையம்மாள் பார்த்தாள். "சாப்ட்டியா பாப்பா? ஆமான்னு பொய் சொல்லாத, மூஞ்சி சொல்லுது" என்று சொல்லிவிட்டு, சொம்பு நிறையக் கூழும் மாங்காய்த் துண்டும் கொடுத்தாள். காசு நீட்டியபோது கையைத் தட்டிவிட்டாள். தேவிப்ரியா பஸ்ஸில் திரும்பும்போது கூழின் ருசியைவிட அந்தப் பார்வைதான் கூட வந்தது. அதை வரைவது என்று முடிவு செய்தாள்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஊர் எல்லையில் இருக்கிற வீரன் சிலைகளுக்கு வர்ணம் அடிக்கும்போது கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். திறக்கும்போது எதிரில் ஆள் நிற்கக் கூடாது. முதலில் ஒரு கண்ணாடியைக் காட்டுவார்கள். முதல் பார்வை தன்மேலேயே விழுந்து தணிந்த பிறகுதான் ஜனங்கள் முன்னால் வருவார்கள். சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த தேவிப்ரியா, கம்ப்யூட்டரிலும் கண்ணைக் கடைசியில்தான் வரைவாள். கைப்பையில் இருக்கும் வட்டக் கண்ணாடியைத் திரைக்கு ஒருமுறை காட்டிவிட்டுத்தான் படத்தை அனுப்புவாள். பச்சையம்மாளின் கருவிழியில் அந்தக் கடைசி வெள்ளைப் புள்ளியை வைத்த நிமிஷம் விளக்கு மங்கியது. கரண்ட் போனால் வேலை மொத்தமும் போய்விடும். கடையிலிருந்த யூபிஎஸ்ஸுக்குக் கத்த மட்டும்தான் தெரியும். அவசரமாக சேவ் செய்து, அவசரமாக ஏற்றிவிட்டாள். கண்ணாடி பைக்குள்ளேயே இருந்துவிட்டது. தணியாத முதல் பார்வை அப்படியே வெளியே போயிற்று.

அது போய் விழுந்தது மஸ்கட்டில். கோபி அங்கே ஒரு கம்பெனியில் பைப் மாட்டுகிற வேலையில் இருந்தான். சொந்த ஊர்க்காரி போட்ட படம் என்று திறந்து பார்த்தான். அந்த நேரத்தில் அடி அண்ணாமலையில் ஒரு வாடிக்கையாளருக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பச்சையம்மாளின் கண்முன் இரும்புக் கட்டில் ஒன்றில் உட்கார்ந்து பன் கடித்துக்கொண்டிருந்த ஒருவன் தெரிந்தான். "யார்றா நீ, வெறும் பன்னத் தின்னுகினு?" என்று கேட்டாள். வாடிக்கையாளர் தன் கையைப் பார்த்தார்; சொம்புதான் இருந்தது. கோபிக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் யாரோ கேட்டுவிட்ட மாதிரி வெட்கமாக இருந்தது. பன்னை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்து, படத்தின் கீழே எழுதினான்: இந்தம்மா என்னைப் பார்க்கறாங்க.

அதற்குப் பிறகு பார்த்தவர்கள் எல்லோரும் அதையே எழுதினார்கள். ஒரு மாதத்துக்குள் பச்சையம்மாள் ரசிகர்கள் என்று தனிக் குழு உண்டாயிற்று. சிங்கப்பூரில் நர்ஸாக இருந்த கவிநிலா டியூட்டி முடிந்து வந்து படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதுவிட்டுச் சாப்பிடுவாள். அமெரிக்காவில் நியூஜெர்சியிலிருந்த எழில் ஒரு படி மேலே போய், மீட்டிங்குக்கும் தூக்கிக்கொண்டு போகிற ஆபீஸ் கம்ப்யூட்டரின் முகப்பிலேயே படத்தை வைத்துவிட்டான். அதனால் பச்சையம்மாள் தினமும் மணிக்கணக்காக மீட்டிங் பார்க்க வேண்டியதாயிற்று. "ஒண்ணும் புரியல பாப்பா. ஆனா அந்தக் கோட்டு போட்டவன் பொய் சொல்றான், அது மட்டும் தெரியுது" என்றாள். ரசிகர்கள் எழுதியதைத் தேவிப்ரியா படித்துக் காட்ட வந்தபோதுதான் இதெல்லாம் வெளியே வந்தது. எழுதிய ஒருவன் பெயரை இவள் வாசிப்பதற்கு முன்பே, அவன் தாடையில் மச்சம் இருக்குமே என்று பச்சையம்மாள் சொன்னாள். கடைக்குத் திரும்பி, குழுவில் அவன் வைத்திருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் இருந்தது.

ஊர் இதைச் சீக்கிரம் பழகிக்கொண்டது. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறவர்கள் கூழ்க்கடைக்கு வந்து, என் பையன் என்னம்மா பண்றான் என்று விசாரிப்பார்கள். அவன் படத்தத் தொறந்தாதான் எனக்குத் தெரியும் என்பாள். உடனே போன் போட்டுப் படத்தைத் திறக்கச் சொல்வார்கள். துபாயில் சில பையன்கள் வாரக் கடைசியில் மானிட்டர்மேல் துண்டைப் போட்டு மூடியதும் இந்தக் காலத்தில்தான்.

ஆனால் பூமி உருண்டை. இங்கே இருட்டும்போது அங்கே விடிகிறது, யாராவது ஒருவர் படத்தைத் திறந்து வைத்திருப்பார்கள். பச்சையம்மாளின் இமை இறங்கவே இல்லை. புரட்டாசிப் பௌர்ணமி அன்று கூட்டத்துக்கு நடுவில், அவள் சிங்கப்பூரில் அழுத பெண்ணைப் பார்த்துக்கொண்டே கொதிக்கிற கூழைத் தன் கைமேல் ஊற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கைக்கு மருந்து போட்ட டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணையும் பார்த்தார். கருவிழி காய்ந்துபோயிருக்கிறது, இப்படியே விட்டால் பொங்கலுக்குள் பார்வை போய்விடும் என்றார். சொட்டு மருந்து எழுதித் தந்தார். போட்ட மருந்து இமைக்காத கண்ணிலிருந்து அப்படியே கன்னத்தில் வழிந்தது.

தேவிப்ரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. படத்தை எடுத்துவிடுகிறேன் அக்கா என்றாள்.

"எடுத்துட்டு? அந்தப் பசங்கள அப்புறம் யாரு கேப்பா?"

"உன் கண்ணு போயிடும்கா."

"போனா போவட்டும்னு சொல்லுவனா? எனக்கும் கண்ணு வேணும்தான். வேற வழி பாரு. படிச்ச பொண்ணுதான நீ."

எடுத்தாலும் பயனில்லை என்பதும் உண்மை. படம் அதற்குள் எத்தனையோ வீடுகளில் போய் உட்கார்ந்துவிட்டது. அதனால் தேவிப்ரியா இமைகளைத் தனி லேயரில் வரைந்து, கண் மூடிய பச்சையம்மாளை அதே இடத்தில் போட முடிவு செய்தாள். இளஞ்செழியன் எட்டிப் பார்த்தார். "கண்ண மூடின படத்த எவன்மா பாப்பான்? நம்ம கடை போஸ்டர்னு நெனச்சிக்குவான்" என்றார். அவள் கேட்கவில்லை. இந்தத் தடவை கண்ணாடியும் காட்டினாள். ஆனால் ஒரு வார்த்தை விளக்கம் எழுதாமல் அனுப்பினாள்.

இளஞ்செழியன் சொன்னபடியே ஆயிற்று. சாயங்காலத்துக்குள் ஆழ்ந்த இரங்கல் என்று உலகம் முழுவதிலிருந்தும் வந்தது. பெங்களூரிலிருந்து ஒரு ரசிகர் ரோஜா மாலையோடு நேரில் வந்து, துக்க வீடு எது என்று பச்சையம்மாளிடமே கேட்டார். "மொதல்ல சாப்டு, அப்புறம் அழுவலாம்" என்று அவள் கூழ் ஊற்றினாள். அவர் மாலையை மடியில் வைத்துக்கொண்டு குடித்துவிட்டு, போகும்போது மாலையைப் பானைக்குப் போட்டுவிட்டுப் போனார். அதைவிட மோசம், துக்கத்தில் எல்லோரும் பழைய படத்தை நினைவுக்காக நாள் முழுக்கத் திறந்து வைத்தார்கள். பச்சையம்மாளின் கண் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.

அன்றைக்கு தேவிப்ரியா பஸ்ஸை விட்டுவிட்டுக் கோயிலிலேயே உட்கார்ந்திருந்தாள். பச்சையம்மாள் பெயரைச் சொல்லிச் சொல்லி வேண்டினாள். பள்ளியறைப் பூஜை முடிந்தது. இன்னும் ஒரு தடவை கும்பிட்டுக்கொள்கிறேன் என்று அவள் கேட்டதற்கு, கதவை இழுத்துக்கொண்டிருந்தவர் கடுகடுப்பில்லாமல், "நடை சாத்தியாச்சும்மா. சாமியும் தூங்கணுமில்ல. காலைல வா, இங்கதான் இருப்பாரு" என்றார். அவளோடு நின்றிருந்த ஜனங்கள் ஒருவர்கூடக் கோபப்படவில்லை என்பதைத் தேவிப்ரியா கவனித்தாள். சரி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ரசிகர்களுக்கு எழுதினாள். பச்சையம்மாள் அக்கா நலமாக இருக்கிறார், ஆனால் தூக்கமில்லை என்று நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னாள். தன்னுடைய அவசரத்தையும் சொன்னாள். திறந்த கண் ஒன்றும் மூடிய கண் ஒன்றுமாக இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்பினாள். அண்ணாமலையார் கோயில் நடை சாத்தும்போது எல்லோரும் மூடிய படத்தை வையுங்கள், காலையில் நடை திறக்கும்போது திறந்ததை வையுங்கள், அவர் தூங்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். இதை எவன் செய்வான் என்று இளஞ்செழியன் சிரித்தார்.

செய்தார்கள். சிங்கப்பூரில் கவிநிலா தன் டியூட்டி நேரத்தையே கேட்டு மாற்றிக்கொண்டாள். நியூஜெர்சியில் நல்ல பகலில், மீட்டிங் நடுவே எழில் எழுந்து, நடை சாத்தணும் என்று தமிழில் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் படத்தை மாற்றுவான். கோட்டு போட்டவர் முதலில் முறைத்தார். ஐப்பசி பிறந்தபோது அவரே கடிகாரத்தைப் பார்த்து அவனுக்கு ஞாபகப்படுத்தினார். துபாய்ப் பையன்கள் முறை வைத்துச் செய்தார்கள். கூழ்க்கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில், கோயில் நடை சாத்துகிற நேரத்துக்குப் பச்சையம்மாளின் இமைகள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. கருப்பன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தான். ஒருநாள் வலது கண் முழுதாக மூடியது. அவன் மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

இடது கண் மட்டும் மூடவில்லை. யாரோ ஒருவர் படத்தை மாற்றவில்லை. யார் என்று பச்சையம்மாளுக்குத்தான் தெரியுமே, கோபி. தேவிப்ரியாவுக்கு ஆத்திரம் வந்தது. ஊர்க்காரன், முதல் ரசிகன், அவனே இப்படிச் செய்யலாமா, நாலு வார்த்தை எழுதுகிறேன் என்று கிளம்பினாள். பச்சையம்மாள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"திட்டாத. இங்க நடை சாத்தறப்பதான் அவன் வேல முடிஞ்சி ரூமுக்கே வர்றான். கண்ண மூடினு இருந்தா அவன் யார் மூஞ்சப் பாத்துச் சாப்புடுவான்? சாப்ட்டு முடிக்கட்டும். ஒரு கண்ணுதான, முழிச்சிருந்தா என்னா."

தேவிப்ரியா இதை அப்படியே கோபிக்கு எழுதினாள், ஒரு எழுத்து கூட்டவில்லை. அன்றைக்கு அவன் வேலையிலிருந்து வந்ததும் குளிக்காமல் கூட நேராகப் போய்த் தட்டை வாங்கி வந்தான், படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டான், கை கழுவிவிட்டு வந்து மூடிய படத்தை வைத்தான். பச்சையம்மாளின் இடது கண்ணும் மூடியது. அன்று தூங்கியவள் மறுநாள் கோயில் நடை திறந்த பிறகுதான் எழுந்தாள். பொங்கலுக்கு டாக்டர் மறுபடியும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தான் கொடுத்த சொட்டு மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்றார்.

தேவிப்ரியா இன்னும் பலரை வரைந்தாள், ஒவ்வொரு படத்துக்கும் மறக்காமல் கண்ணாடி காட்டினாள். ரசிகர்கள் அவற்றையும் நன்றாயிருக்கிறது என்று சொன்னார்கள். கீழ்பென்னாத்தூரில் கோபியின் அம்மா தனம் இருந்தாள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் வருவாள். அடி அண்ணாமலை வந்ததும் பச்சையம்மாள் வீட்டு வாசலில் முந்தானையை விரித்து உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்று மூட்டையைப் பிரிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். உள்ளே பச்சையம்மாள் வலது கண்ணை மூடி, இடது கண்ணைத் திறந்து படுத்திருப்பாள். பாதையில் ஜனங்கள் நடந்து போய்க்கொண்டே இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கருப்பன் கதவைத் திறந்து, "மூடிடுச்சிம்மா, சாப்ட்டுட்டான்" என்பான். தனம் மூட்டையைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்குவாள்.