றுஷாந்தனை யாரும் இடிக்கவில்லை

றுஷாந்தன் முதல் கோலை அடித்ததும் பூனாகலைத் தோட்டம் கத்திய கத்தலில், எதிர் மலையில் படுத்திருந்த காட்டுப்பன்றிகள் எல்லாம் எழுந்து பண்டாரவளை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடின. இரண்டாவது கோலுக்கும் கத்தினார்கள். மூன்றாவதுக்குக் கத்தியபோதுதான் அவனுக்கு என்னவோ உறுத்தியது. கோல் அடித்தவனைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. கூரையில் ஏறிவிட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

அவன் லேசுப்பட்ட ஆட்டக்காரன் இல்லை. தோட்டத்து மேல் டிவிஷனில் தொழிலாளர் லயமொன்றில் பிறந்து, கொழும்பில் பெரிய கிளப் ஒன்றுக்குச் சம்பளத்துக்கு ஆடுகிறவன். அவன் காலில் பந்து இருந்தால் அதை வாங்கக் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவன் போன வருஷம் டீவியில் காட்டிய ஆட்டமொன்றில், ஒருத்தரும் தொடாமலே, வெட்டிய வாழை மாதிரி விழுந்தான். இதயம் நின்றுவிட்டது. புல்தரையிலேயே நெஞ்சை அமுக்கி, கரண்ட் கொடுத்து எழுப்பினார்கள். பிறகு தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி மாதிரி ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். இதயம் மறுபடி தடம் புரண்டால் அது உள்ளேயிருந்தே அதிர்ச்சி கொடுத்துத் திருப்புமாம்.

பெரிய டாக்டர் ஆடு என்றும் சொல்லவில்லை, ஆடாதே என்றும் சொல்லவில்லை. இதோடு ஆடுகிறவர்களும் உண்டு, விட்டவர்களும் உண்டு, ஆபத்து இன்னது, யோசித்து நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றுவிட்டார். கிளப் மேனேஜர் ஹிஷாமோ எப்போது வருகிறாய் என்று போனிலேயே குடியிருந்தார். ஆகவே றுஷாந்தன் ஒரு கணக்குப் போட்டான். மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் வருஷா வருஷம் நடக்கிற ஆட்டத்தில் இறங்கிப் பார்ப்பது. பழைய ஆட்டம் வந்தால் திங்கட்கிழமை கொழும்பு.

இதை அவன் சொன்னபோது மனைவி ஷிரோமி அழவில்லை, சண்டை போடவில்லை. "ஆடித்தான் பாருங்களேன்" என்று ஜெர்சியைத் துவைத்துக் காயப்போட்டாள். அன்றைக்கே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது மைதானத்தில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கீழ் டிவிஷனில் ரஜீவ் என்று ஒருத்தன். அவன் இடித்தால் தேயிலைக் கொழுந்து லொறியே பின்னால் போகும். அந்த ரஜீவ் இவன் வந்தபோதெல்லாம் மாப்பிள்ளைக்கு வழிவிடுகிறவன் மாதிரி ஒதுங்கி நின்றான். சோதித்துப் பார்க்க றுஷாந்தன் பந்தை வேண்டுமென்றே அவன் காலடிக்கு உருட்டிவிட்டான். ரஜீவ் பாம்பைக் கண்டவன் போல் துள்ளி, பந்தைப் பக்குவமாகத் திருப்பித் தந்து, "சாரிங்கண்ணே" என்றான். கோல் கீப்பர் துஷாந்த் இன்னும் மோசம். பந்து வலப்பக்கம் போக அவன் இடப்பக்கம் பாய்ந்த பாய்ச்சலில் தேயிலைச் செடிக்குள் விழுந்து, எழும்பும்போது அரைக் கூடை கொழுந்தோடு வந்தான்.

கரண்டுதான் காரணம் என்று முதலில் நினைத்தான். இவனைத் தொட்டால் ஷாக் அடிக்கும், இவன் கடைப்பக்கம் போனால் ரேடியோ இரையும் என்று லயங்களில் ஒரு கதை ஓடியது. மூட்டுவலிக்கு நல்லதென்று தொட்டுப் பார்க்க வந்தவர்களும் உண்டு. ஆகவே இடைவேளைக்கு விசில் ஊதியதும் ரஜீவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சிலே வைத்தான்.

"அடிக்குதாடா?"

"இல்லீங்கண்ணே."

"அப்ப ஏன் ஒதுங்குற?"

ரஜீவ் எல்லைக்கோட்டுப் பக்கம் பார்த்தான். அங்கே ஷிரோமி குடையோடு நின்றாள். அவ்வளவுதான், பையன் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

போன வாரம் முழுக்க அவள் லயம் லயமாக ஏறி இறங்கியிருக்கிறாள். வேதக்காரர்களை அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் நிறுத்தியிருக்கிறாள். மற்றவர்களை மாடசாமி கோயிலுக்குக் கூட்டிப்போய், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிற அவளே கற்பூரம் கொளுத்தி, றுஷாந்தனை இடிக்கமாட்டோம் என்று அதை அவர்கள் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணவைத்திருக்கிறாள். இரண்டு டீமும் சத்தியம். ரெஃபரியும் சத்தியம். மாடசாமிக்கே அன்றைக்குப் புகையில் கண் எரிந்திருக்கும்.

றுஷாந்தன் அவளிடம் போனான். முகம் சிவந்திருந்தது.

"எல்லாரும் சேந்து என்னைய ஏமாத்திட்டீங்க. நான் ஆடுவனா மாட்டனான்னு இப்ப எனக்கு எப்பிடித் தெரியும்?"

"இங்க உள்ளவங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டேன். கொழும்புல யாருகிட்டன்னு போய் நான் கற்பூரம் கொளுத்துறது?"

"சத்தியத்தை விடு. அவன் இடிக்கட்டும்."

அவள் குடையை மடக்கினாள். பிறகு ரஜீவைக் கூப்பிட்டு, "தம்பி, சத்தியம் இல்ல. பாவம் என் தலைல. ஆடுங்க" என்றாள்.

மறுபாதி தொடங்கியதும் றுஷாந்தன் பந்தோடு நேரே ரஜீவை நோக்கி ஓடினான். ரஜீவும் மலை சரிந்து வருகிற மாதிரி வந்தான். மோதுகிற கணத்தில் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, தானே குப்புற விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். றுஷாந்தன் பந்தை விட்டுவிட்டு அவனைத் தூக்கினான்.

"சத்தியந்தான் இல்லன்னாச்சேடா."

"சத்தியம் இல்லாட்டியும் கால் வராதுங்கண்ணே. நீங்க விழுந்தத நாங்க எல்லாரும் டீவில பாத்தம்."

சட்டை அழுக்காகாமலே றுஷாந்தன் மைதானத்தை விட்டு வெளியே வந்தான். இங்கே இருப்பவர்கள் பாசத்தில் பயப்படுகிறார்கள், கொழும்பில் அப்படி இருக்காது, அங்கே பழைய மாதிரி இடிப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஹிஷாமுக்குப் போன் போட்டான். மனிதர் சந்தோஷத்தில் மூச்சுவிடாமல் பேசினார். புது ஜெர்சி, புது ரூம். "ஒண்ணுக்கும் பயப்பட வேணாம் மச்சான். ஒங்களுக்காகவே கிரவுண்ட் ஓரத்துல ஆம்புலன்ஸ் ஒண்ணு, இஞ்சின ஓடவுட்டே வெச்சிருப்பம்."

"எதுக்கு?" என்றான் றுஷாந்தன்.

தூக்கத்திலும் பேசுகிற ஹிஷாம் வாயைத் திறக்கவில்லை. மைதானத்தில் யாரோ கோல் போட்டார்கள். இந்தத் தடவை எல்லோரும் மனசுவிட்டுக் கத்தினார்கள்.

"நான் வரலீங்க" என்று சொல்லிப் போனை வைத்தான்.

ஷிரோமி பின்னால் வந்து நின்றிருந்தாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். வரவில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னான். ஷிரோமி அவன் கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், அப்புறம் குடையை அவன் கையில் கொடுத்து, போனைப் பிடுங்கி, உண்மைதானா என்று கேட்க ஹிஷாமுக்குத் தானே அடித்தாள்.