பாட்டின் மற்றப் பாதி

உடப்புக் கரையில், வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை வீரகத்தி எடுத்தால் கரைவலை தானாகவே நகரும் என்பார்கள். அது கொஞ்சம் மிகை. இழுக்க ஆட்களும் நின்றார்கள். ஆனால் அவருடைய தகப்பன் பாடியபோது பல மைல் தள்ளிக் கற்பிட்டியில் போட்ட வலை உடப்பில் கரையேறியது உண்மை. பார்த்தவர்கள் எல்லாரும் செத்துப்போனதால் மறுத்துச் சொல்ல ஆளில்லை.

கப்பல் வேலைக்குப் போன காலத்தில் வீரகத்திக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. அது மனைவி இரஞ்சிதத்துக்கும் கொழும்பு டொக்டருக்கும் மட்டுமே தெரியும். ஊரைப் பொறுத்தவரை அவர் ஒவ்வொரு தடவையும் கொழும்புக்குப் பல் பிடுங்கப் போகிறார். ஊர் அறிந்த கணக்கில் சுறாவுக்குக்கூட அத்தனை பல் கிடையாது.

"குளிசையை விட்டா வருத்தம் மூளையையும் பிடிக்கும். யோசனை மெதுவாகும், மறதி வரும், கை தடுமாறும்" என்று டொக்டர் சொல்லியிருந்தார். அப்படியும் அவர் அந்த மாத்திரைகளை விட்டிருந்தார். போர்க்காலம், சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். வரிசையில் ஊர்ச்சனமும் நிற்கும்.

அன்று காலை வலை பாதி வந்திருந்தது.

"வாடைக் காத்து வழி கேட்டு வந்து நிக்குது" என்று எடுத்தார். அடுத்த அடி வரவில்லை. நாக்கின் கீழும் இல்லை, தொண்டையிலும் இல்லை. ஒரு பக்கக் கயிறு தொய்ந்தது. மறுபக்கம் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். வலை கோணியது.

"என்ன அண்ணே, பல்லோட சேத்துப் பாட்டையும் புடுங்கிப்போட்டாங்களா?" என்றான் கயிறு பிடித்திருந்த மார்க்கண்டு.

கரையே சிரித்தது. வீரகத்தி முதல் அடியையே திரும்பத் திரும்பப் பாடினார். புது மெட்டு என்று நினைத்து இழுத்தார்கள். மீனும் அப்படியே நினைத்திருக்க வேண்டும்; பாதி உள்ளே வந்தது, பாதி போய்விட்டது.

மீன் பொறுக்கிக்கொண்டிருந்த இரஞ்சிதம் மட்டும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு கிளினிக்குக்குப் போறம்."

"ஆமிக்காரன் பையைத் திறப்பான்."

"பல்லு மருந்தெண்டு சொல்லுங்க."

"அதையும் மறந்தா?"

"நான் பக்கத்தில நிப்பேன்தானே."

மறுநாள் சாவடியில் சிப்பாய் எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். வீரகத்தி வாயைத் திறந்தார். பொய் எங்கேயோ போய்விட்டது. வாய் திறந்தபடியே நின்றது. சிப்பாய் குனிந்து உள்ளே பார்த்தான். பாவம், பல்வலியாக்கும் என்று போகச் சொன்னான்.

டொக்டரிடம் மட்டும் பொய் தேவைப்படவில்லை. "குளிசை விட்டுட்டன். பாட்டும் போயிட்டுது. திரும்பி வருமா?"

"ஒழுங்காப் போட்டா கனபேருக்குத் தேறுது. உங்களுக்கு எவ்வளவு வரும் எண்டு பாத்துத்தான் சொல்லலாம். எந்தப் பாட்டு?"

வீரகத்தி முதல் அடியைப் பாடினார். நின்றார். பக்கத்துக் கதிரையில் இருந்த இரஞ்சிதம், மீனே வராத குரலில், தலை குனிந்தபடி முடித்தாள்:

"வாசலிலே சோறு வச்சுக் காத்து நிக்கிறம்."

வீரகத்தி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கே. ஆர்ட பாட்டு?"

இரஞ்சிதம் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பகிடிக்குக் கேட்கிறாரா, உண்மையிலேயே மறந்துவிட்டாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.