கிப்லாவைப் பார்த்துக் கிடந்த வெள்ளைக்காரன்

மெல்பேர்னில் அலை அடங்க இரண்டு நாள் காத்திருந்து, மூன்றாம் நாள் நூகு லெப்பை தெற்கே இருந்த ஒரு சின்னத் தீவில் படகிலிருந்து இறங்கினார். ஜூலைக் குளிரில் அவருடைய மூக்கு மட்டும் படகிலேயே தங்கிவிட்டது.

நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன், இதே குளிர்காலத்தில், இங்கே வெளிச்சவீட்டைக் காத்த வெள்ளைக்காரன் தலை பிளந்து செத்தான். கூட இருந்த ஒரே ஆள், இலங்கையின் காலி நகரத்திலிருந்து வந்த சமையற்காரர் உதுமா லெப்பை, காணாமல் போனார். அவர் நூகுவின் பூட்டன். தீவைப் பார்க்க வருகிறவர்களுக்காக நடப்போகும் பலகையில் அவரைக் கொலைகாரன் என்று எழுதப்போகிறார்கள். அதை நிறுத்தத்தான் நூகு மனைவி பக்ருன்னிசாவோடு வந்திருந்தார்.

தீவு அதிகாரி வினுஷா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "போன மாசம் வெள்ளைக்காரன்ர குழியைக் கிண்டினவை, அங்கிள். சவப்பெட்டி இல்லை. வலப்பக்கம் சரிச்சு, மேற்கைப் பார்க்கக் கிடத்தியிருக்கு."

நூகுவுக்குக் குளிர் விட்டுப்போயிற்று. "எங்கட ஆக்கள அடக்குற மாதிரி, மகள். மக்காப் பக்கம், கிப்லாவப் பார்க்க வெச்சிருக்காரு. கொன்றவன் இவ்வளவு மரியாதை செய்வானா?"

"ஆட்ட அறுக்கிறவனும் கிப்லாவப் பார்த்துத்தானே அறுக்கிறான்," என்றார் பக்ருன்னிசா.

"நீ எந்தப் பக்கம்?"

"எனக்குக் குளிருது."

"அப்ப பலகையில என்ன போட, அங்கிள்?"

நூகு தொப்பியைச் சரிசெய்தார். "கொன்றது யாரெண்டு தெரியாது. அடக்கினது உதுமா லெப்பை. அத மட்டும் போடுங்க."

வினுஷா எழுதிக்கொண்டார். அது பூட்டனுக்குச் சாதகமா பாதகமா என்று படகு ஏறும்வரை நூகுவுக்கு விளங்கவில்லை.